கரோ மலையில லிங்கா கிராமத்துக்குப் போறேன்.. "சோலியா" குடும்பப் பேரு, ஊர்த் திருவிழா, எரிமலை பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

செங்காந்தள்88 எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தோனேசியா, சுமத்ரா தீவுல இருக்கற மேடான்ல ஒரு வருஷ வேலைக்கு வந்து நாலு மாசம் ஆகுது. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுப் பையன் கரோ மலைக்காரன். பேருக்குப் பின்னாடி "செம்பிரிங் சோலியா"ன்னு போட்டிருக்கான். முதல் நாள் அவன் ஐடி கார்டைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்துப் போச்சு. விசாரிச்சா அவங்க செம்பிரிங் வகையறாவுல பாண்டியா இருக்காங்களாம், பெரஹ்மானா இருக்காங்களாம், மெலியாலா, பெலாவி, கெலிங்னு வரிசையா சொல்றான். அன்னைக்கே அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன், மனுஷன் ராத்திரி பூரா தூங்கலயாம், காலைல ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டு "அவங்க நம்ம ஆளுங்கடா, நல்லா விசாரி"ங்கறாரு.

இப்ப விஷயம் என்னன்னா அடுத்த மாசம் அவன் அம்மா பிறந்த ஊர்ல வருஷத் திருவிழா. லிங்கான்னு ஒரு விவசாய கிராமம், கபன்ஜாஹே டவுனுக்குப் பக்கத்துல. மூணு நாள் வந்து தங்குன்னு கூப்பிட்டிருக்கான், நானும் சரின்னுட்டேன். சோலியா பாண்டியா எல்லாம் நிஜமாவே சோழன் பாண்டியன்தானா, ஊர் பேரே லிங்கான்னு இருக்கே அது சிவலிங்கமா, அங்க ஜனங்க என்ன வெள்ளாமை பண்றாங்க, சினாபுங் எரிமலை பக்கத்துல இருக்குன்னு சொல்றாங்களே பயப்படணுமா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் மீன், கோழி சாப்பிடுவேன். மாடும் பன்னியும் சாப்பிடறதில்ல. அவங்க மனசு நோகாம எப்படி நடந்துக்கறதுன்னும் சொன்னா புண்ணியமா போகும்.

---

மலைச்சந்தை எழுதினது:

தம்பி, நான் மேடான்ல இருந்து காய்கறி வாங்கி அனுப்பற வேலைல ஆறு வருஷம் இருந்தவன். வாரத்துல மூணு நாள் அந்த மலைலதான் கிடப்பேன், அதனால எனக்குத் தெரிஞ்ச நிலம், பயிர், சொந்தபந்தம் மட்டும் சொல்றேன். சரித்திரம் தெரிஞ்சவங்க இங்கயே இருக்காங்க, அவங்க வருவாங்க.

மேடான்ல இருந்து கரோ மலை மேல இருக்கற பெராஸ்தாகி டவுன் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. தூரம் கம்மிதான், ஆனா சனி ஞாயிறுன்னா அந்த வளைவுல லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு மூணு மணி நேரம் கூட ஆகும், வெள்ளிக்கிழமை காலைலயே கிளம்பிடுங்க. மேல ஏறினதும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும். ரெண்டு எரிமலைக்கு நடுவுல இருக்கற மேட்டு நிலம் அது, ஒரு பக்கம் சிபயாக், இன்னொரு பக்கம் சினாபுங். கடல் மட்டத்துல இருந்து 1200, 1300 மீட்டர் இருக்கும். மண்ணு கருப்பா பொலபொலன்னு இருக்கும், கையில அள்ளினா மாவு மாதிரி உதிரும், எரிமலை கொடுத்த மண்ணு அது. முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி, மிளகாய், சோளம், காப்பி எல்லாம் வரும். டச்சுக்காரன் காலத்துலயே இங்க விளைஞ்ச காய் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்ல போயிருக்கு. ஜகார்த்தால "மேடான் ஆரஞ்சு"ன்னு விக்கறாங்களே, அது மேடான்ல விளையறது இல்ல, இந்த கரோ மலை ஆரஞ்சுதான்.

லிங்கா போற வழியில ஆரஞ்சுத் தோட்டம் பார்த்தீங்கன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. மரத்துக்கு மரம் காலி தண்ணி பாட்டில் தொங்கும், உள்ள பஞ்சுல மருந்து நனைச்சு வெச்சிருப்பாங்க. அது பழ ஈக்கு வெச்ச பொறி. அந்த ஈ ஒரு காய்க்குள்ள முட்டை வெச்சுட்டா வெளிய ஒரு சின்னப் புள்ளி தெரியும், அவ்வளவுதான், பத்து நாள்ல பழம் கீழ விழுந்திடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் தினமும் காலைல கோணிப்பையோட போய் விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கி குழி தோண்டிப் புதைப்பாரு, ஏன்னா அப்படியே விட்டா உள்ள இருக்கற புழு மண்ணுக்குள்ள போய் மறுபடி ஈயா வரும். ஆனா பக்கத்துத் தோட்டக்காரர் புதைக்கல. இவரு தோட்டம் மட்டும் சுத்தமா இருந்து என்ன பிரயோஜனம், மூணு வருஷம் போராடிட்டு மரத்தையெல்லாம் வெட்டி காப்பி வெச்சிட்டாரு. அந்த மரங்க வெட்டுப்பட்டுக் கிடந்த நாள் நான் அங்க இருந்தேன், பெரியவர் ஒண்ணும் பேசல, காப்பி போட்டுக் கொடுத்தாரு.

இன்னொரு விஷயம், அங்க மார்க்கெட்டுக்கு "பஜாக்"னு பேரு. இந்தோனேசியால மத்த இடத்துல அந்த வார்த்தைக்கு வரின்னு அர்த்தம், வடக்கு சுமத்ரால மட்டும் சந்தை. விலை ஏறி இறங்கறது தாங்க முடியாது. முட்டைக்கோஸ் அறுக்கற கூலி கூடக் கட்டாதுன்னு அப்படியே வயல்ல விட்டு உழுதுடறதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், வாங்கற பக்கம் நின்னவன் நான், அந்த விலையை போன்ல சொன்னவனும் நான்தான். மனசு கேக்காம வேலையை விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நடவு, களையெடுப்புக்கு "ஆரோன்"னு ஒரு முறை உண்டு. நாலஞ்சு குடும்பம் சேர்ந்து இன்னைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல்னு மாத்தி மாத்தி வேலை செய்வாங்க. இப்ப கூலிக்கு வர்ற கூட்டத்துக்கும் அதே பேருதான் சொல்றாங்க. வயல்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான் இருப்பாங்க, வாய் நிறைய வெத்தலை. ஆம்பளைங்களை காப்பிக்கடைல செஸ் போர்டு முன்னாடி நிறைய பார்க்கலாம், நிஜமாவே கெட்டிக்காரத்தனமா ஆடுவாங்க.

திருவிழா பத்தி: கெர்ஜா தாஹுன்னு பேரு. ஊருக்கு ஊர் வேற வேற மாசம் வரும், காரணம் நெல்லு. ஒரு ஊர்ல நாத்து விடற சமயம், ஒரு ஊர்ல கதிர் வர்ற சமயம், ஒரு ஊர்ல அறுப்பு முடிஞ்சதும்னு வெச்சிருந்தாங்க. இப்ப நிறைய ஊர்ல நெல்லு குறைஞ்சு சோளமும் காயும் வந்திடுச்சு, ஆனா விழா மட்டும் பழைய நெல்லுக் கணக்குலயே நடக்குது. அன்னைக்கு எந்த வீட்டு வாசலும் சாத்தியிருக்காது, யார் வந்தாலும் சோறு. மூணு வீட்ல சாப்பிடற மாதிரி வயித்தைத் தயார் பண்ணிட்டுப் போங்க. "சிம்பா"ன்னு ஒரு பலகாரம் தருவாங்க, அரிசி மாவுல வெல்லமும் தேங்காயும் வெச்சு இலைல மடிச்சு அவிச்சது, வேணாம்னு சொல்லிடாதீங்க. மஞ்சளும் புளிப்பும் போட்டு வத்த வெச்ச கெண்டை மீன் "அர்சிக்", அது உங்களுக்குத் தோது. கோழில "கெத்தா"ன்னு சொன்னா அதுல ரத்தம் சேர்த்திருப்பாங்க, முன்னாடியே நண்பன்கிட்ட சொல்லி வைங்க. "தெரித்தேஸ்"னு ஒரு குழம்பு இருக்கு, மாட்டு இரைப்பைல இருக்கற பாதி செரிச்ச புல்லுல செய்யறது, அவங்களுக்கு அது விருந்துச் சாப்பாடு, மூஞ்சி சுளிக்காம வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொன்னா புரிஞ்சுப்பாங்க.

---

கல்லெழுத்து எழுதினது:

செங்காந்தள், உங்க அப்பா தூங்கலன்னதைப் படிச்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, 20 வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் தூங்காம கிடந்தேன். ஆனா தெரிஞ்சதையும் தெரியாததையும் பிரிச்சுச் சொல்லணும் இல்லையா.

உறுதியா இருக்கறது இது. சுமத்ராவோட மேற்குக் கரைல பாருஸ்னு ஒரு பழைய துறைமுகம், கற்பூரத்துக்குப் பேர் போனது. அதுக்குப் பக்கத்துல லோபு துவாங்கற இடத்துல 1873ல ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைச்சுது. சக வருஷம் 1010, அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர்ங்கற வணிகக் குழு வெச்ச கல்லு அது. ஊர் பேரை அதுல வாரோசுன்னு எழுதியிருக்கு. நீலகண்ட சாஸ்திரி 1932ல அதைப் பத்தி எழுதினாரு, பிறகு சுப்பராயலு திரும்பப் படிச்சு வெளியிட்டாரு. அதே மாதிரி கிழக்குக் கரைல மேடான் பக்கத்துலயே கோத்தா சீனாங்கற இடத்துல தோண்டினப்ப தென்னிந்திய சாயல்ல விஷ்ணு, புத்தர் சிலையெல்லாம் கிடைச்சிருக்கு, 12, 13ம் நூற்றாண்டு வாக்குல இருந்த வியாபார ஊர் அது. ஆக மலைக்கு ரெண்டு பக்கமும் தமிழ் வியாபாரிங்க இருந்திருக்காங்க, சந்தேகமே இல்ல. செம்பிரிங் பேருங்க அந்தப் பழக்கத்துல இருந்து வந்திருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளா சொல்றாங்க, கரோ ஜனங்களே பலர் அப்படித்தான் சொல்லிக்கறாங்க. செம்பிரிங்ல ஒரு பிரிவு முந்தி செத்தவங்களை எரிச்சு சாம்பலை சின்னப் படகுல வெச்சு லாவ் பியாங் ஆத்துல விட்டிருக்காங்க. மத்த கரோ ஆளுங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது.

ஆனா சோலியான்னு பேரு இருக்கறதால உங்க நண்பன் சோழ வம்சம்னு சொல்லிடாதீங்க. ஒரு பேரு ஒரு ஊருக்குள்ள வர்றதுக்கு நூறு வழி உண்டு, வியாபாரி பொண்ணு கட்டியிருக்கலாம், கூட்டுத் தொழில் பண்ணினவன் பேரை எடுத்திருக்கலாம். மேடான்ல மாரியம்மன் கோயில் பக்கம் இருக்கற தமிழங்களோட இதைக் குழப்பிக்கவும் கூடாது, அவங்க 19ம் நூற்றாண்டுல புகையிலைத் தோட்ட காலத்துல வந்தவங்க, ரெண்டுக்கும் நடுவுல பல நூறு வருஷம்.

லிங்கா விஷயம், அந்த ஊரை நிறுத்தினவங்க கரோ-கரோ வகையறாவுல சினுலிங்காங்கற குடும்பம், அவங்க பக்பக் நாட்டுல இருக்கற லிங்கால இருந்து வந்தவங்கன்னுதான் அவங்க வழிக்கதை. சிவலிங்கத்தைத் தேடிப் போனா கிடைக்காது. தேட வேண்டியது வீடு. "சிவாலுஹ் ஜபு"ன்னு சொல்வாங்க, எட்டுக் குடும்ப வீடு. ஆணி கிடையாது, மரத்துக்கு மரம் கோத்துக் கட்டினது, கூரைல கருப்பா பனை நார் கனமா வேய்ஞ்சிருக்கும், ரெண்டு முகட்டுலயும் எருமைக் கொம்பு. உள்ள சுவரே இல்ல. நடுவுல நீளமா ஒரு பள்ளப் பாதை, ரெண்டு பக்கமும் எட்டுக் குடும்பம், ரெண்டு குடும்பத்துக்கு ஒரு அடுப்பு, ஆக நாலு அடுப்பு. யார் எந்த மூலைல இருக்கணும்ங்கறது உறவு முறைப்படிதான், ஊரைத் தொடங்கின குடும்பத்துக்கு ஒரு முனை, அவங்ககிட்ட பொண்ணு எடுத்தவங்களுக்கு எதிர் முனை. வெளிச் சுவர்ப் பலகைல கருப்பு நாரால பல்லி உருவம் தச்சிருப்பாங்க, அது அலங்காரமும் ஆச்சு, பலகையைப் பிடிச்சுக் கட்டறதும் ஆச்சு. லிங்கால முந்தி இந்த மாதிரி நிறைய இருந்துது, இப்ப விரல் விட்டு எண்ணிடலாம். அதுக்குள்ள போய் கொஞ்ச நேரம் கண்ணு இருட்டுக்குப் பழகற வரைக்கும் சும்மா உக்காந்திருங்க, நூறு வருஷத்துப் புகை மரத்துல ஏறின வாசனை வரும்.

---

ஈரமண் எழுதினது:

வணக்கம் அண்ணா, நான் மலேசியா, ஈப்போ பக்கம். மேடான் யூனிவர்சிட்டில டாக்டருக்குப் படிச்சேன், எங்க ஊர்ப் பிள்ளைங்க நிறைய பேரு அங்கதான் படிச்சாங்க. சினாபுங் பத்தி நான் சொல்றேன், ஏன்னா 2014 ஆரம்பத்துல நாங்க சில பேரு கபன்ஜாஹே முகாம்ல மருந்து கொடுக்கப் போயிருந்தோம்.

அந்த மலை 400 வருஷமா சும்மா இருந்துச்சுன்னு சொல்வாங்க. 2010 ஆகஸ்ட்ல முதல்ல வெடிச்சு அடங்கிருச்சு, 2013 செப்டம்பர்ல மறுபடி ஆரம்பிச்சது வருஷக் கணக்கா நிக்கல. நாங்க போன சமயம் 30,000 பேர் வரைக்கும் வீட்டை விட்டு வந்திருந்தாங்க, சர்ச்லயும் "ஜம்பூர்"லயும் படுத்திருந்தாங்க. ஜம்பூர்னா கல்யாணம், சாவு எல்லாம் நடக்கற ஊர்ப் பொது மண்டபம், சுவர் இல்லாம திறந்திருக்கும், ராத்திரி அந்தக் குளிர்ல பாய் போட்டு வரிசையா பெரியவங்க, குழந்தைங்க. எல்லாருக்கும் இருமல்.

பிப்ரவரி 1ம் தேதி சுகமெரியா கிராமத்துக்கிட்ட சூட்டு மேகம், அதாவது கொதிக்கற சாம்பலும் வாயுவும் சேர்ந்து மலைல இருந்து உருண்டு வர்றது, இறங்கி பத்துப் பேருக்கு மேல போய்ட்டாங்க, அதுல மாணவங்களும் இருந்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் முகாம்ல ஒரு சத்தம் இல்ல. 2016 மே மாசம் கம்பெர் கிராமத்துல ஏழு பேர். அந்த இடம் போகக் கூடாதுன்னு சொன்ன வட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு, தெரிஞ்சேதான் போனாங்க, ஏன் போனாங்கன்னு கேக்காதீங்க, முகாம்ல மாசக் கணக்கா அடுத்தவங்க போடற சோத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு மேல அவங்க மிளகாய்ச் செடி கண்ணுக்குத் தெரியுது, அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

எனக்கு ஒரு பாட்டி ஞாபகம் இருக்கு. பிரஷர் பார்க்கப் போனா இடுப்புல ஒரு துணி முடிச்சு, அவிழ்க்கவே மாட்டேன்னாங்க. பணம்னு நினைச்சேன். கடைசில அவங்களே பிரிச்சுக் காட்டினாங்க, விதைச் சோளம். போன அறுப்புல எடுத்து வெச்சது, ஓடி வர்றப்ப அதைத்தான் எடுத்துட்டு வந்திருக்காங்க. எனக்கு கரோ பேசத் தெரியாது, அவங்களுக்கு இந்தோனேசிய மொழி சரியா வராது, ஆனா அந்த முடிச்சை மறுபடி கட்டிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பெக்கேரா, சிமாச்செம், சுகமெரியா மூணு ஊரையும் சியோசார்ங்கற உயரமான இடத்துக்கு மாத்திட்டாங்க, காடா இருந்த நிலம், ராணுவம் ரோடு போட்டுச்சு, முதல் கட்டத்துல 370 வீடு, குடும்பத்துக்கு அரை ஹெக்டேர் நிலம். அங்க இன்னும் குளிரு, மண்ணு புதுசு, முதல் சில அறுப்பு சிரமமா இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், இப்ப உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் நல்லா வருதாம். கல்லெழுத்து ஐயா சொன்ன செம்பிரிங் பேருல குருகினாயன்னு ஒண்ணு இருக்கு, அதே பேர்ல ஒரு ஊரும் சினாபுங் அடில இருந்துச்சு, அந்த ஊரும் காலி பண்ணின ஊர்தான்.

லிங்கால இருந்து பார்த்தா மலை மேற்கால தெளிவா தெரியும், மேல மொட்டையா சாம்பல் நிறத்துல. சூட்டு மேகம் போற வட்டத்துல லிங்கா இல்ல, சாம்பல் மட்டும் காத்து திரும்பினா விழும். கிளம்பறதுக்கு முன்னாடி எரிமலை எந்த நிலைல இருக்குன்னு பாருங்க, மொத்தம் நாலு நிலை, முதல் ரெண்டுன்னா போகலாம், மூணுன்னா நண்பனைக் கேட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டு மாஸ்க் பைல வைங்க, ஆஸ்துமா இருந்தா பம்ப் மறக்காதீங்க.

---

செங்காந்தள்88 எழுதினது:

மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஈரமண் தங்கச்சி, அந்தப் பாட்டி விஷயத்தை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்.

கல்லெழுத்து சார், அப்பா இன்னும் விடறதா இல்ல. நேத்து நண்பன்கிட்ட பேசினப்ப அம்மா கூடப் பிறந்தவரை அவன் "மாமா"ன்னும் அவர் சம்சாரத்தை "மாமி"ன்னும் சொல்றான், தமிழ்ல சொல்ற மாதிரியே. மாமா பொண்ணைக் கட்டறது அவங்கள்ல உரிமையாம், அவளுக்கு "இம்பால்"னு தனிப் பேரே இருக்காம். இதைக் கேட்டதும் அப்பா "இதுக்கு மேல என்னடா ஆதாரம்"ங்கறாரு. இதுக்கு என்ன சொல்ல?

---

கல்லெழுத்து எழுதினது:

அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க. மாமன் பொண்ணு உரிமை கரோகிட்ட மட்டும் இல்ல, அதே வடக்கு சுமத்ரால இருக்கற தோபா படாக் இனத்து ஆளுங்ககிட்டயும் இருக்கு, கிழக்கு இந்தோனேசியத் தீவுங்க வரைக்கும் இருக்கு, அங்கெல்லாம் சோழன் போகல. மாமாங்கற சொல்லும் அந்தப் பக்கத்து மொழிங்க பலதுல சுத்திக்கிட்டு இருக்கு, மேற்கு சுமத்ரால இருக்கற மினாங் ஆளுங்க தாய்மாமனை மாமக்னுதான் சொல்வாங்க. பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டுல அத்தை பொண்ணையும் கட்டலாம், மாமன் பொண்ணையும் கட்டலாம். கரோல அத்தை பொண்ணு கூடவே கூடாது, தங்கச்சி மாதிரி. பொண்ணு ஒரே திசைலதான் போகணும், எந்த வீட்டுக்குப் பொண்ணு கொடுத்தீங்களோ அந்த வீட்டுல இருந்து திருப்பி எடுக்கக் கூடாது. அவங்க சமூகமே இந்த ஒரு திசைக் கணக்கு மேலதான் நிக்குது. அது அவங்க சொந்தமா கட்டின கட்டடம், இரவல் இல்ல. பேருல தமிழ் வாசனை இருக்கறது உண்மை, அந்த சந்தோஷம் அப்பாவுக்கு இருக்கட்டும்.

---

மலைச்சந்தை எழுதினது:

கல்லெழுத்து சொன்ன இந்த ஒரு திசைக் கணக்கு நடைமுறைல எப்படி இருக்கும்னு நான் சொல்றேன், உங்களுக்கு அங்க அதுதான் வேணும்.

பொண்ணு கொடுத்த வீடு "கலிம்புபு", பொண்ணு எடுத்த வீடு "அனாக் பெரு". கலிம்புபுவைக் கண்ணுக்குத் தெரியற தெய்வம்னே சொல்வாங்க. லிங்கா உங்க நண்பனுக்கு அம்மா ஊரு, அப்ப அங்க அவன் அனாக் பெரு பக்கம். ஆபீஸ்ல அவன் பெரிய வேலைல இருக்கலாம், ஆனா அந்த மூணு நாளும் அடுப்பு மூட்டறது, கறி வெட்டறது, தட்டு எடுத்து வைக்கறது, கழுவறது அவன் வேலை. நீங்க பாயில உக்காந்திருக்கறப்ப அவன் ஓடிக்கிட்டே இருப்பான், என்னடா இவனை வேலைக்காரன் மாதிரி நடத்தறாங்கன்னு சங்கடப்படாதீங்க, அவனுக்கு அது பெருமை. அவன் சொந்த ஊர்ல அவன் வீட்டுப் பொண்ணைக் கட்டினவங்க இதே மாதிரி ஓடுவாங்க. நானும் ஒரு தடவை கூட எழுந்து தட்டு எடுக்கப் போனேன், ஒரு அம்மா என் தோளை அமுக்கி உக்கார வெச்சாங்க, உன் முறை எதுன்னு தெரியாம எழுந்திரிக்காதேன்னாங்க.

முறை தெரியறதுக்குத்தான் போனதும் "எர்துத்தூர்" நடக்கும். யார் முதல் தடவை பார்த்தாலும் உன் மார்கா (வகையறாப் பேரு) என்ன, அம்மாவோட மார்கா என்னன்னு கேட்டு ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு கணக்குப் போட்டுட்டுத்தான் பேச்சே தொடங்கும். உங்களுக்கு மார்கா கிடையாது, அப்ப அவங்களே ஒரு இடம் கொடுப்பாங்க, பெரும்பாலும் நண்பனோட அண்ணன் தம்பியா, "செனினா"வா சேர்த்துக்குவாங்க. அப்படிச் சேர்த்துட்டா அவன் மாமா உங்களுக்கும் மாமாதான், அப்படியே கூப்பிடுங்க, அதுக்கப்புறம் தட்டுக் கழுவவும் நீங்க எழுந்திரிக்கலாம்.

போனதும் "மெஜுவா-ஜுவா" சொல்லுங்க, நன்றிக்கு "புஜூர்". வெத்தலைப் பையை நீட்டினா ரெண்டு கையால வாங்குங்க, போடத் தெரியலன்னாலும் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்க. கைல என்ன கொண்டு போறதுன்னா சர்க்கரையும் காப்பித்தூளும் ஒரு பை நிறைய, மாமி கைல கொடுங்க, மாமா கைல இல்ல. மறுநாள் காலைல அஞ்சரைக்கு எழுந்து வயல் பக்கம் நடங்க, அந்த நேரத்துல பனி விலகி சினாபுங் முழுசா தெரியும், ஏழு மணிக்கு மேல மேகம் மூடிடும்.